ஸ்விஸ் மெஷினா, ஏசியன் மெஷினா?

திருச்சியில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருப்பவனுக்கு வரும் வேலையில் நல்ல பங்கை விமான நிலையம் அனுப்பிவைக்கிறது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ஊர் திரும்புகிறவர்கள் மச்சானுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று வாங்கிவரும் ‘ஃபர்ஸ்ட் காப்பி’ வாட்ச்சுகள் கொஞ்ச காலம் ஓடிவிட்டு என் மேஜைக்கு வந்து சேரும். டயலில் ரோலெக்ஸ் என்று இருக்கும், ஒமேகா என்று இருக்கும், பனராய் என்று இருக்கும். அது அசல் இல்லை என்பது கொண்டுவருகிறவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் கேட்பது வேறு: “உள்ள ஸ்விஸ் மெஷினா, ஏசியன் மெஷினான்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே. ஸ்விஸ்னு சொல்லித்தான் காசு வாங்குனான்.”

இந்த ஒரு சொல்லுக்காக மனிதர்கள் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கடல் தாண்டிப்போய், வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது. ஆகவே இந்தக் கேள்விக்குக் கடையில் நின்றபடி சொல்லும் அரை நிமிடப் பதில் போதாது என்று தோன்றுகிறது.

முதலில் ‘ஸ்விஸ் மெஷின்’ என்று விற்பவர்கள் எதைச் சொல்கிறார்கள்? பெரும்பாலும் ஈடிஏ 2824-2 என்ற ஆட்டோமேட்டிக் மெஷினை. ஸ்விட்சர்லாந்தின் கிரெஞ்சென் நகரில் இருக்கும் ஈடிஏ, ஸ்வாட்ச் குழுமத்தைச் சேர்ந்தது. இந்த மெஷினின் விட்டம் 25.6 மில்லிமீட்டர், தடிமன் 4.6 மில்லிமீட்டர், உள்ளே 25 கற்கள். மணிக்கு 28,800 அடி, அதாவது வினாடிக்கு எட்டு. முழுச் சாவியில் ஏறக்குறைய 38 மணி நேரம் ஓடும். டிசோ, ஹாமில்டன், டியூடர் என்று எத்தனையோ அசல் வாட்ச்சுகளுக்குள் இது இருந்திருக்கிறது. கையசைவில் சுழன்று சாவி ஏற்றும் இதன் ரோட்டார் பால் பேரிங்கில் சுழல்கிறது. அந்த ஏற்பாட்டை எடெர்னா நிறுவனம் 1948-லேயே கொண்டுவந்துவிட்டது. நல்ல மெஷின், சந்தேகமே இல்லை. கழற்றவும் பூட்டவும் கைக்கு இதமானது. எந்த ஸ்குரூவுக்கு என்ன வேலை என்பது பார்த்தவுடன் புரியும். ரிப்பேர்காரனை மனதில் வைத்து வரைந்த மெஷின் என்றே சொல்வேன்.

‘ஏசியன்’ என்பது ஒரே பொருள் அல்ல. ஜப்பானில் சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா மெஷின்களும் சீகோவின் என்ஹெச்35-ம் ஏசியன்தான். சீனாவில் தியான்ஜின் நகரத்து சீகல் தொழிற்சாலை தயாரிக்கும் எஸ்டி2130-ம் ஏசியன்தான். அது 2824-ஐ அப்படியே பின்பற்றிச் செய்தது. குவாங்சோவிலிருந்து வரும் டிஜி2813-ம் ஏசியன்தான். அது மியோட்டா 8200 வரிசையைத் தழுவியது, விலையும் சகாயம். இத்தனையையும் ஒரே பெயரில் அடைத்து ‘மட்டம்’ என்று ஒதுக்குவது தொழில் தெரிந்த பேச்சல்ல. சீனாவின் முதல் கைக்கடிகாரம் 1955-ல் உருவானதே தியான்ஜினில்தான். வீனஸ் 175 என்ற ஸ்விஸ் குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் சேர்ந்த வாட்ச்) மெஷினைச் செய்யும் கருவிகளை 1960களின் தொடக்கத்தில் விலைக்கு வாங்கி, தங்கள் விமானப்படைக்காக குரோனோகிராஃப் செய்தார்கள். அந்த வம்சத்து மெஷின் எஸ்டி19 என்ற பெயரில் இன்றும் வருகிறது. வேறு கடைகளில் செய்த மோசமான பொருத்தலுக்கான பழியைத்தான் சீன மெஷின் பல நேரம் சுமக்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. நான் தொழில் கற்ற மேஜையில் ஒரு பக்கம் ஃபேவர்-லூபா, வெஸ்ட் எண்ட், ரோமர் என்று ஸ்விஸ் வாட்ச்சுகள் கிடக்கும், மறுபக்கம் எச்.எம்.டி. ஜனதாவும் பைலட்டும் குவிந்து கிடக்கும். எச்.எம்.டி. தன் முதல் வாட்ச் தொழிற்சாலையை 1961-ல் பெங்களூரில் தொடங்கியது ஜப்பானின் சிட்டிசனோடு கூட்டு வைத்துத்தான். அதே சிட்டிசன் குழுமத்திலிருந்துதான் இன்றைய மியோட்டாவும் வருகிறது. கல்யாண மாப்பிள்ளைக்கும் ரயில்வே ஊழியருக்கும் பள்ளி வாத்தியாருக்கும் தலைமுறைக் கணக்கில் மணி காட்டியது ஜப்பானிய வழிவந்த 17 கல் மெஷின். தூசி, வியர்வை, ஆடி மாதக் காற்று எல்லாவற்றையும் தாங்கியது. தினமும் காலையில் சாவி கொடுத்து, சில வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்தால் போதும் என்று இருந்தது. ‘ஆசிய மெஷின் நீடிக்காது’ என்று யாராவது சொன்னால், அவர் வீட்டுப் பீரோவில் தாத்தாவின் ஜனதா இருக்கிறதா என்று தேடிப் பார்க்கச் சொல்வேன்.

சரி, பின்மூடியைத் திறந்தபின் நான் என்ன பார்க்கிறேன்?

ரோட்டாரில் ‘ஈடிஏ ஸ்விஸ்’ என்று பொறித்திருப்பதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. டயலில் பொய்ப் பெயர் போட்டவர்களுக்கு ரோட்டாரில் பொய்ப் பெயர் போடுவது பெரிய வேலையா? அசல் மெஷினில் பேலன்ஸ் சக்கரத்துக்குக் கீழே, அடித்தகட்டில் ஈடிஏ முத்திரையும் எண்ணும் இருக்கும். அதையும் போலியில் பதித்து அனுப்புகிறார்கள். ஆகவே முத்திரையை விட்டுவிட்டு வேலைப்பாட்டைப் பார்ப்பேன். பிரிட்ஜின் விளிம்பில் பிசிறு இருக்கிறதா, ஸ்குரூத் தலையின் வெட்டு நேராக இருக்கிறதா, பல்சக்கரப் பல்லின் ஓரம் சுத்தமாக இருக்கிறதா, கல் பதித்த துளையைச் சுற்றி உலோகத்தூள் இருக்கிறதா. பத்து மடங்கு கண்ணாடியில் இவை பேசிவிடும்.

அடுத்து டைம்கிராஃபர். வாட்ச்சை மைக்கின் மேல் வைத்தால் அதன் சத்தத்தைக் கேட்டு மூன்று விஷயத்தைச் சொல்லும்: ஒரு நாளைக்கு எத்தனை வினாடி முந்துகிறது அல்லது பிந்துகிறது, பேலன்ஸின் வீச்சு எத்தனை டிகிரி, இரண்டு பக்க அடிக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம். முதல் எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம். நான் முதலில் பார்ப்பது வீச்சு. முழுச் சாவியில், டயல் மேலே பார்க்க வைத்தால் 270 டிகிரிக்கு மேல் வந்தால் ஆரோக்கியம். 200-ஐ ஒட்டித் தவித்தால், நேரம் இன்றைக்குச் சரியாகக் காட்டினாலும் அந்த மெஷின் நோயாளிதான். வாட்ச்சைச் செங்குத்தாக வைத்தால் இன்னும் விழும். இரவில் கழற்றி வைத்தால் காலையில் நேரம் கலைந்திருக்கும். வீச்சைக் கணக்கிட டைம்கிராஃபரில் கொடுக்கும் லிஃப்ட் கோணத்தை மெஷினுக்கு ஏற்ப மாற்றவும் வேண்டும். 2824-க்கு 50, என்ஹெச்35-க்கு 53. இதை மாற்றாமல் எடுத்த அளவைக் காட்டி, ‘ஏசியன் மெஷினுக்கு வீச்சு இவ்வளவுதான்’ என்று தீர்ப்புச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

காப்பி வாட்ச்சுகளைத் திறந்து திறந்து நான் கண்டது இதுதான்: அவற்றில் இருக்கும் மெஷினின் முதல் எதிரி எண்ணெய். ஒன்று, அறவே இருக்காது. எண்ணெய் காணாத ராட்டினம் மாதிரி உலோகத்தை உலோகம் அரைத்துக்கொண்டிருக்கும். அல்லது கொட்டிக் கிடக்கும். பேலட் ஃபோர்க் வரை வழிந்து, ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் திடீரென்று நாளுக்குப் பல நிமிடம் முந்த ஆரம்பிக்கும். நல்ல சர்வீஸில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண்ணெய் உண்டு. வேகமாகச் சுழலும் பிவட்டுகளுக்கு மோபியஸ் 9010 போன்ற மெல்லியது, பேலட் கல்லுக்கு 9415, ஆட்டோமேட்டிக் பேரலின் உள்சுவருக்கு 8217 கிரீஸ். நிறமும் தடிமனும் வேறு வேறு, அளவும் ஊசிமுனை அளவுதான். இந்தப் பொறுமை காப்பி செய்யும் பட்டறையில் கிடைப்பதில்லை. எஸ்டி2130 ஒன்றைப் பிரித்து, கழுவி, முறையாக எண்ணெய் வைத்துப் பூட்டினால் அதன் வீச்சு 280-ஐத் தொடுவதையும், நாளுக்குச் சில வினாடிக்குள் நிற்பதையும் என் மேஜையில் பார்த்திருக்கிறேன். எண்ணெய் காய்ந்த அசல் ஈடிஏ அதற்குப் பக்கத்தில்கூட வராது. சுத்தமான ஏசியனா, களைத்துப்போன ஸ்விஸ்ஸா என்று கேட்டால் நான் யோசிக்காமல் முதலாவதைத்தான் எடுப்பேன்.

இன்னொரு சோதனை, இதை நீங்களே செய்யலாம். 2824 வகை ஆட்டோமேட்டிக்குக்குக் கையால் சாவி கொடுக்கும்போது ரோட்டாரும் கூடவே சுற்றுகிறதா என்று கவனியுங்கள். சுற்றினால் உள்ளே இருக்கும் ரிவர்சர் சக்கரங்கள் அழுக்கேறியோ காய்ந்தோ போயிருக்கின்றன. அப்படியே திருகிக்கொண்டிருந்தால் பற்கள் போகும். ஸ்விஸ் ஆனாலும் சீனம் ஆனாலும் இதே கதைதான். இந்தக் குடும்பத்து மெஷினை நின்றபோது எழுப்ப மட்டும் சில திருகு திருகிவிட்டு, மீதியைக் கையசைவுக்கு விட்டுவிட வேண்டும்.

இங்கே ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்குள் இருக்கும் இன்னொரு சிக்கலையும் சொல்லவேண்டும். ஈடிஏ தன் 2824-ஐ ஒரே தரத்தில் செய்வதில்லை. சாதாரணத் தரம் இரண்டு நிலைகளில் மட்டும் சரிபார்க்கப்படும். உயர்ந்த தரங்கள் ஐந்து நிலைகளில். ஹேர் ஸ்பிரிங், பேலன்ஸ் சக்கரத்தின் உலோகம்கூடத் தரத்துக்குத் தரம் மாறும். விற்பவர் எந்தத் தரம் என்று சொல்லமாட்டார், அவருக்கே தெரியாது. தவிர, தன் குழுமத்துக்கு வெளியே மெஷின் கொடுப்பதைக் குறைக்கப்போவதாக ஸ்வாட்ச் குழுமம் 2002-ல் அறிவித்தது. போட்டி ஆணையம் தலையிட, வழக்கும் உடன்பாடுமாக அது நெடுங்காலம் இழுத்தது. அதுவரை ஈடிஏவுக்கு மெஷின் பொருத்திக் கொடுத்துவந்த செலிட்டா, காப்புரிமை முடிந்த 2824-ஐ எஸ்டபிள்யூ200 என்று 26 கல்லில் தானே செய்யத் தொடங்கியது. அசல் நிறுவனங்களே ஈடிஏ கிடைக்காமல் செலிட்டாவிடம் போன காலத்தில், காப்பி பட்டறைக்கு மட்டும் புத்தம்புது ஈடிஏ எங்கிருந்து வரும்? என்னிடம் வந்த ‘ஸ்விஸ்’ காப்பிகளில் பலவற்றில் இருந்தது சீன மெஷின். உண்மையிலேயே ஸ்விஸ் இருந்தவற்றில், ஸ்குரூத் தலைகள் தேய்ந்து, யாரோ எப்போதோ கழற்றிய தடத்தோடு, பழைய வாட்ச்சிலிருந்து பிடுங்கி வைத்த மெஷின்கள் உண்டு. அதற்காகத்தான் அந்தக் கூடுதல் காசு.

குரோனோகிராஃப் காப்பிதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. வால்ஜூ 7750 என்ற மெஷின் 1970களின் தொடக்கத்தில் எட்மண்ட் காப்ட் வடிவமைத்தது; உலகத்தின் உழைப்பாளி குரோனோகிராஃப். அதன் சின்ன வட்டங்கள் 12, 9, 6 ஆகிய இடங்களில் இருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் வினாடி முள் 9-ல். ரோலெக்ஸ் டேடோனாவிலோ வட்டங்கள் 3, 6, 9-ல். ஓடும் வினாடி 6-ல். ஆகவே டேடோனா மாதிரி காட்ட, ஷாங்காயில் செய்த 7750 வகை மெஷினின் டயல் பக்கம் கூடுதல் பல்சக்கரங்களை நுழைத்து, முட்களை இடம் மாற்றுகிறார்கள். அந்தச் சக்கரங்களுக்கு முறையான கல்லும் இல்லை, அவற்றை ஓட்டும் சக்தி மெயின் ஸ்பிரிங்கில் கணக்கிட்டு வைக்கப்படவும் இல்லை. பட்டனை அழுத்திக் குரோனோகிராஃபை ஓட்டினால் வீச்சு சரிகிறது. சில நாளில் வாட்ச்சே நிற்கிறது. உதிரிச் சக்கரம் கேட்டால் உலகில் எங்கும் கிடைக்காது, ஏனென்றால் அதற்கு ஒரு பட்டியல் எண்ணே கிடையாது. இன்னொரு நாட்டு நேரத்தையும் 24 மணி முள்ளால் காட்டும் ஜிஎம்டி வாட்ச்சின் காப்பியும் இப்படித்தான். அசலில் 24 மணி முள் டயலை ஒட்டிக் கீழே, அதற்கு மேல் மணி முள். 2824 குடும்பத்து மெஷினான 2836-ஐச் சாதாரணமாக மாற்றிய ஏசியன் மெஷினில் வரிசை தலைகீழ். அந்த வரிசையையும் அசல்போலக் காட்ட இன்னும் சக்கரங்கள் சேர்க்கிறார்கள், அவை இன்னும் சீக்கிரம் சண்டை போடுகின்றன. ஒப்பனைக்காக மெஷினை வளைத்த இடத்தில் ஸ்விஸ்ஸும் தோற்கும், சீனமும் தோற்கும்.

இதற்கு நேர் எதிராக, பனராய் மாதிரியில் வரும் கையால் சாவி கொடுக்கும் வாட்ச்சுகள். அசல் பனராயின் சில மாடல்களுக்குள்ளேயே இருந்தது யூனிடாஸ் 6497, பாக்கெட் வாட்ச்சுக்காகச் செய்த 17 கல் மெஷின், 36.6 மில்லிமீட்டர் விட்டம். சீகல் அதை எஸ்டி36 என்று செய்கிறது. எதையும் இடம் மாற்றவேண்டியதில்லை. பெரிய சக்கரங்கள், பெரிய கல், கண்ணுக்கு விருந்து. தொழில் பழகும் பையன்களுக்கு நான் முதலில் பிரிக்கக் கொடுப்பது இந்தச் சீன மெஷினைத்தான். இதில் ஸ்விஸ்ஸா சீனமா என்று அலைவது வீண்.

ஒரு நாள் அபுதாபியிலிருந்து வந்த தம்பி ஒருவர், கருப்பு டயல் காப்பியைக் கழற்றி வைத்தார்.

“அண்ணே, இதுல டிஜி மெஷின்னு யூடியூப்ல பார்த்தேன். எடுத்துட்டு ஸ்விஸ் ஈடிஏ போட்டுத் தருவீங்களா? காசு பத்திக் கவலை இல்ல.”

“போடலாம் தம்பி, உட்காராது. டயலோட கால் வேற இடத்துல இருக்கு. ஸ்டெம்மோட உயரம் வேற. முள்ளும் சேராது. ஈடிஏ வினாடி முள்ளுக்குத் துளை 0.25, அதுவும் மில்லிமீட்டர்ல. ஜப்பான் மெஷினுக்கு வேற.”

“எல்லாத்தையும் மாத்திட்டா?”

“மாத்தினா புது வாட்ச் வாங்குற காசாகும். அப்பவும் டயல்ல இருக்கிற பேரு பொய்தானே?”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அந்த டிஜியையே சர்வீஸ் செய்யச் சொல்லிவிட்டுப் போனார். வினாடிக்கு ஆறு அடி, நேரம் பரவாயில்லை, இன்னும் சில வருடம் ஓடும். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கையில் சீகோ இருந்தது. உள்ளே என்ஹெச்35 குடும்பத்து மெஷின், டயலில் அதைச் செய்தவர்களின் பெயர்.

மெஷினை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், ஒன்று நினைவில் இருக்கட்டும். 2824, எஸ்டபிள்யூ200, எஸ்டி2130 மூன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்காரும். என்ஹெச்35-ன் விட்டம் 27.4, தடிமன் 5.32, அது 2824-க்கான கேஸில் நுழையாது. ஆகவே எஸ்டி2130 செத்துப்போன காப்பிக்கு இன்னொரு எஸ்டி2130 போதும். புது ஈடிஏவையோ செலிட்டாவையோ அதில் வைப்பதை நான் தடுத்துவிடுவேன். காப்பி கேஸில் ரப்பர் வளையம் சரியாக உட்காராது, கிரவுனில் மரை தேய்ந்திருக்கும், மழைத்தண்ணீர் உள்ளே போகும். நல்ல மெஷினைத் துருவுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை. டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கிறதே என்று நம்பி, காப்பியோடு குளத்தில் இறங்கியவர்களின் வாட்ச்சுகளை உப்பும் சேறுமாகத் திறந்திருக்கிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் வணிகக் குறியைப் பொய்யாகப் போட்டு விற்பது 1999-ம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். ஒருவர் தன் கையில் கட்டியிருப்பதை நான் சர்வீஸ் செய்து தருவேன். ரசீதில் ‘நகல்’ என்று எழுதித்தான் தருவேன். பெயர் அச்சடித்த டயல் மாற்றுவது, ‘ஸ்விஸ்’ பொறித்த ரோட்டார் பூட்டுவது, விற்பதற்காகப் பளபளக்க வைப்பது ஆகியவற்றை ஏற்பதில்லை. இரண்டாவது ஆளிடம் அது அசலென்று போய்ச் சேரும். அதில் என் கை இருக்கக்கூடாது.

மெஷின் மேல் ஆசைப்பட்டு இந்தப் பக்கம் வந்த இளைஞர்களை நான் மதிக்கிறேன். வினாடிக்கு எட்டு முறை துடிக்கும் ஒரு சக்கரத்தைப் பார்க்க ஆசைப்படுவது நல்ல ஆசை. பேட்டரி வாட்ச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலத்தில், ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் தேடி வருகிறார்கள். அந்த ஆசைக்குக் காப்பி தேவையில்லை. உயர்ந்த ‘ஸ்விஸ் காப்பி’க்குக் கேட்கும் காசில் சீகோவின் ஆட்டோமேட்டிக் வரும், மியோட்டா மெஷின் வைத்த நேர்மையான வாட்ச் வரும், எஸ்டி19 வைத்த குரோனோகிராஃப் வரும். ஸ்விஸ்தான் வேண்டுமென்றால் இன்னும் சில மாதம் சேர்த்து டிசோ வாங்குங்கள். அதில் ‘ஸ்விஸ் மேட்’ என்று இருந்தால் அதற்குச் சட்டப் பொருள் உண்டு. 2017 முதல் தயாரிப்புச் செலவில் குறைந்தது 60 சதவீதம் அந்த நாட்டில் ஆகியிருக்கவேண்டும்.

ஏற்கெனவே கையில் காப்பி இருந்தால், உள்ளே இருப்பது இடம் மாற்றாத, வளைக்காத சாதாரண மூன்று முள் மெஷினா என்று ரிப்பேர்காரரிடம் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால், எந்த நாட்டு மெஷின் ஆனாலும், ஒரு முழு சர்வீஸுக்குச் செலவு செய்யுங்கள்; அது ஓடும். முட்களை இடம் மாற்றிய குரோனோகிராஃபாக இருந்தால் அதன் மேல் இனி ஒரு ரூபாயும் போடாதீர்கள்.